இருபத்தேழை அழுத்தினால் யார் எடுப்பார்?

வரவேற்பிலும் டெலிபோன் போர்டிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரும்படி ஆள் சேர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "இன்ஸ்பைரிங்கா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றாள். இந்த ரப்பர் கம்பெனியின் போர்டில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்துவிட்டு, சென்ற மாதம்தான் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். யாருக்கும் ஊக்கமூட்டும்படி அங்கே எதுவும் நடந்ததாக நினைவில்லை. நினைவை நான் நம்புவதும் இல்லை. என்னிடம் இருபத்தாறு நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்த இணைப்பு எத்தனை மணிக்குக் கெட்டது, யார் யாரைக் கேட்டார்கள், கிடைத்தார்களா இல்லையா என்று தினமும் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு முதல் நாளே ஒரு எண் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் எனக்கும் ஒன்றைக் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று பத்தியாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எழுதச் சம்மதித்தேன். அதே போல நேர்த்தியான அட்டை ஒன்றை நானும் ஒரு காலத்தில் தயாரித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் இங்கே இருந்தது கயிறு போர்டு, துளையில் கயிற்றைச் செருகி இணைப்புக் கொடுப்பது. யார் வெளியே பேசினாலும் என் கைவழியாகத்தான் பேச வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிஸ்கட் நிறத்தில் எலெக்ட்ரானிக் போர்டு வந்தது. அதிகாரிகள் எல்லோருக்கும் சின்னத் திரை வைத்த புது டெலிபோன்கள் கிடைத்தன. அந்த டெலிபோனில் இரண்டு வசதிகள் அவர்களை மயக்கின.

முதலாவது ஸ்பீட் டயல். ஸ்டார் பொத்தானை அழுத்தி இரண்டு இலக்கம் அழுத்தினால் போதும், முழு எண்ணும் தானே போகும். மொத்தம் நாற்பது எண்கள். என்னைக் கேட்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, செய்தி. இருக்கையை விட்டுப் போகும்போது ஒரு பொத்தானை அழுத்தி, அதில் தயாராக இருக்கும் வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மீட்டிங்கில் இருக்கிறார், சாப்பிடப் போயிருக்கிறார், வெளியூரில் இருக்கிறார், வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் அவர்கள் திரையில் அந்த வாசகம் ஆங்கிலத்தில் ஓடும். மணி அடிக்காது. கூப்பிட்டவர் ஒரு பொத்தானை அழுத்தினால் இவர் டெலிபோனில் சிவப்பு விளக்கு மினுக்கும்.

"வீட்டுக்குப் போய்விட்டார்" என்ற வாசகத்தை நான் இருந்தவரை எவரும் அழுத்தியதில்லை. "சாப்பிடப் போயிருக்கிறார்" என்பதை ஸ்டோர் கீப்பர் மட்டும் இரண்டு வாரம் நேர்மையாக அழுத்தினார். சாப்பிட நாற்பது நிமிடமா என்று யாரோ கேட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவரும் மீட்டிங்குக்குப் போகத் தொடங்கினார். இரண்டாம் மாதக் கடைசியில் பகல் ஒரு மணிக்கு எங்கள் அலுவலகம் முழுவதும் மீட்டிங்கில் இருக்கும். மூடிய கதவுகளுக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ சாத வாசனை வரும்.

நாற்பது எண்களையும் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் எங்கள் நிர்வாக அதிகாரி. ஏ.ஓ. என்போம். நாணயமானவர். ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு வருவார். ஊழியர்கள் சொன்னதைக் கேட்பதில்லை, இயந்திரமாவது கேட்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. எண்களைப் பதவி வரிசையில் பங்கிட்டார். 01 எம்.டி. வீடு. 02 எம்.டி.யின் அண்ணன் வீடு. 05 எனக்குத்தான் என்று விற்பனை மேனேஜரும் உற்பத்தி மேனேஜரும் பதினேழு நாள் சண்டை போட்டதால், அதை இருவருக்கும் தராமல் காலியாக விட்டார். தீயணைப்பு நிலையம் 38. எங்கள் ஆட்களை அழைத்துப் போகும் தாம்பரம் நர்சிங் ஹோம் 39.

"சார், தீயணைப்பு கொஞ்சம் முன்னாடி இருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஏம்மா, தினமுமா தீப்பிடிக்குது? எம்.டி. வீட்டுக்கு தினமும் பேசறோமே."

38 என்றே குறித்துக்கொண்டேன்.

இருபதிலிருந்து முப்பத்தாறு வரை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொழிலாளர்களின் வீட்டு எண்கள். எலெக்ட்ரீஷியன், டிரைவர், பம்ப் ஆப்பரேட்டர் என்று போகும். பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஜலால் பாய்க்கு 27 கிடைத்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அந்தப் பதினேழு பேரில் பதினான்கு பேர் வீட்டில் டெலிபோன் கிடையாது. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அவர்கள் கொடுத்திருந்தது பி.பி. நம்பர். நீங்கள் பி.பி. என்றால் இரத்த அழுத்தம் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு அது அடுத்த வீட்டுக்காரரின் டெலிபோன் எண். அவர்கள் எடுப்பார்கள், நீங்கள் இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும், அவர்கள் போய்க் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையிலும் முகவரி அட்டையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். அந்த இரண்டு எழுத்துக்கு, பணிவாகப் பேசவும் என்று பொருள்.

ஜலால் பாய் பல்லாவரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார். பி.பி. நம்பர் கீழே இருந்த வீட்டுச் சொந்தக்காரர்களுடையது. எடுப்பவர் சரோஜாம்மா. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் பழக்கம் இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, ரப்பர் கம்பெனியிலேர்ந்து பேசறேன். மாடியில ரஹமத்தைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

"மறுபடியும் நீயா? இன்னாம்மா இது, வூடா போஸ்டாபீஸா? அடுப்புல பால் கீது."

"நான் காத்திருக்கேன்மா."

"நீ இருப்ப. பால் இருக்குமா?"

பிறகு ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும். "ஏ ரஹமத்து! உன் கம்பெனிக்காரி!" என்று கூரை அதிர ஒரு குரல். ரஹமத், ஜலால் பாயின் மனைவி. மாடிப்படியில் அவர் இறங்கி வரும் ஓசையைக்கூட என்னால் கேட்க முடியும்.

நாற்பது எண்களையும் தட்டச்சு செய்து அட்டையாக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் பெயருக்குப் பக்கத்திலேயே பி.பி. என்று அடித்தேன். பதினான்கு இடத்தில் இரண்டு எழுத்து கூடுதலாக நின்று பத்தி கோணலானது. எனக்குக் கோணல் ஆகாது. அதனால் பி.பி.யை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். தாளின் அடியில், நட்சத்திரமிட்டவை பி.பி. எண்கள், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கவும் என்று ஒரு வரி. தாம்பரம் கடைத்தெருவில் பிளாஸ்டிக் உறை போடக் கொடுத்தோம். கடைக்காரர் உறையின் அளவுக்குத் தாளை நறுக்கியபோது அந்த ஒரு வரி போய்விட்டது. முப்பது அட்டையிலும் போய்விட்டது. நான் அதைப் பார்த்தேன். பி.பி. பற்றி யாருக்குத் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டேன். அட்டை அழகாக இருந்தது. நட்சத்திரம் போட்டவர்கள் முக்கியமானவர்கள் என்று அதிகாரிகளுக்குள் ஒரு பேச்சு எழுந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலை 10.41க்கு பாய்லர் அறையிலிருந்து ஃபோன் வந்தது. தண்ணீர் பம்பின் பெல்ட்டில் ஜலால் பாயின் வலது கை மாட்டிக்கொண்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. கம்பெனி வேனில் ஏற்றி நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். நான் 27ஐ அழுத்தப் போனபோது, நிர்வாக அதிகாரியின் இணைப்பு வெளியே பேசிக்கொண்டிருப்பதாக விளக்கு காட்டியது. எரிந்த வேகத்தில் அணைந்தும் விட்டது. இரண்டு நிமிடத்தில் அவரே படியிறங்கி என் போர்டுக்கு வந்தார். முகத்தில் கவலை இருந்தது. அதற்கு மேலே ஒரு திருப்தியும் இருந்தது.

"வீட்டுக்கு சொல்லியாச்சும்மா. நானே போட்டேன்."

"யார் சார் எடுத்தாங்க?"

"அவர் வொய்ஃப்தான். பாய் வீட்டுக்காரம்மாவான்னு கேட்டேன், ஆமான்னாங்க. கையில அடி, தாம்பரம் நர்சிங் ஹோமுக்கு உடனே வாங்க, கையெழுத்து போடணும்னேன். சரின்னு வெச்சுட்டாங்க. எவ்வளவு நேரம் தெரியுமா? பதினோரு செகண்ட். திரையில பார்த்தேன்."

"அழுதாங்களா சார்?"

"இல்ல. தைரியமான பொம்பள."

"எதுவும் கேட்கலையா?"

"ரசீது எடுத்துட்டு வரணுமான்னு கேட்டாங்க. எடுத்துட்டு வாங்கன்னேன்."

"என்ன ரசீது சார்?"

"அது தெரியல. ஏதோ வெச்சிருப்பாங்க."

அவர் படியேறிப் போய்விட்டார். நான் அந்த ரசீதைப் பற்றி யோசித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா என்றால் நம் பக்கத்தில் மனைவி. வீட்டுக்காரம்மா என்றால் வாடகைக்கு வீடு விட்டிருப்பவரும்தான். பாய் வீட்டுக்காரம்மாவா என்று கேட்டால், பாய் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஆமாம் என்றுதான் சொல்வார். அதில் பொய் இல்லை. ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேஸ் இணைப்புக்கும் வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்து கேட்ட காலம். ஆஸ்பத்திரிக்கும் கேட்கிறார்கள் போல என்று நினைத்திருப்பார். வீட்டு வரி ரசீதை எடுத்து வரவா என்று கேட்டிருக்கிறார்.

உடனே 27ஐ அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நர்சிங் ஹோமுக்கு 39ஐப் போட்டேன். அந்த லைனில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

11.46க்கு போர்டில் வெளி அழைப்பு வந்தது.

"தோ பாரும்மா, நான் சரோஜா பேசறேன், பல்லாவரம். ஆஸ்பத்திரிலேந்து. உங்க ஆபீஸ்ல எவரோ போன் பண்ணி வூட்டுக்காரம்மாவான்னாரு. ஆமான்னேன். கையெழுத்துக்கு வான்னாரு. வரி ரசீது, வாடகை பத்திரம் எல்லாம் எடுத்துகினு ரயிலேறி வந்தேன். இங்க இன்னாடான்னா பாயோட விரலை எடுக்கறதுக்குக் கையெழுத்து கேக்கறாங்க!"

"நீங்க மனைவி இல்லைன்னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். அப்ப யாருதான் போடுவீங்கன்றாரு டாக்டரு. பாய்க்கு ஊசி போட்டுட்டாங்க, கண்ணு சொருகிகினு கீறாரு. ரெண்டு விரலையும் எடுத்துட்டா இங்கயே முடிஞ்சிடுமாம். இல்லாட்டி பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரில ஒட்டிப் பாப்பாங்களாம். ஆனா இப்பவே போவணுமாம். நேரமாச்சுன்னா அங்கயும் ஒண்ணும் பண்ண முடியாதாம். சொல்லும்மான்றாரு. நான் இன்னாத்த சொல்றது? வூட்டுக்கு வெள்ளையடிக்கறதுன்னா சொல்லலாம். குடியிருக்கற ஆளு விரலுக்கு நான் யாரு?"

"கையெழுத்து போட்டுடாதீங்கம்மா."

"போட்டாத்தானே! பேனாவை அங்கயே வெச்சிட்டு உன்னாண்ட பேசறேன்."

"ரஹமத் எங்கே?"

"வெள்ளிக்கிழமையாச்சே. விடிகாலையிலயே சந்தைக்குப் போச்சு. தலகாணி உறை தெச்சு விக்குது இல்ல."

"அஞ்சு நிமிஷம் அங்கேயே இருங்க. நான் கூப்பிடறேன்."

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பாய்லர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். நீராவி வால்வின் சக்கரத்தை முழுப் பிடியாகப் பிடித்துச் சுற்ற முடியாதவரை அந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். வலது கையில் அந்த இரண்டு விரலும் போனால் ஜலால் பாய் வாசலில் காவலுக்கு நிற்கலாம், அந்த இடம் காலியாக இருந்தால். நர்சிங் ஹோம் டாக்டர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. இரண்டு வழியையும் சொல்லிவிட்டு, வீட்டார் முடிவுக்காகக் காத்திருந்தார். வீட்டார் சந்தையில் இருந்தார்.

முடிவெடுக்க வேண்டியவர் நிர்வாக அதிகாரி. ஸ்டார் இல்லாமல் 21ஐ அழுத்தினேன், அது அவர் மேசையின் உள் எண். மணி அடிக்கவில்லை. என் திரையில் "மீட்டிங்கில் இருக்கிறார்" என்று ஓடியது. சிவப்பு விளக்கை மினுக்க வைத்தேன். அட்டெண்டர் முனுசாமி அண்ணனை மேலே அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பினார்.

"கதவு சாத்தியிருக்கும்மா."

"தட்டுங்கண்ணா. அவசரம்."

"நானா? போன தடவ தட்டினதுக்குத்தான் மெமோ குடுத்தாரு. நீ வேணா வந்து தட்டு."

போர்டை விட்டு நான் எழுந்தால் நர்சிங் ஹோமிலிருந்து வரும் அழைப்பை எடுக்க ஆளில்லை. 01ஐ அழுத்தினேன். பிசகில்லாமல் உடனே போனது. எம்.டி. வீட்டுச் சமையல்காரர் எடுத்து, ஐயா டெல்லியில் இருக்கிறார் என்றார். இயந்திரம் அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பெரியவர்களின் எண்களில் ஆட்கள்தான் இல்லை.

டெலிபோன் ஆப்பரேட்டருக்கு வேனை அனுப்ப அதிகாரம் கிடையாது. ஒரு ஆணிப்பெட்டி வாங்கக்கூட நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் பதினோரு வருடமாக வெளியுலகம் கம்பெனி என்று கேட்டுவந்தது என் குரலைத்தான். நான் 39ஐ அழுத்தி டாக்டரைக் கேட்டேன்.

"கம்பெனியிலேர்ந்து பேசறேன் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. எங்க வேன் உங்க வாசல்லதான் நிக்குது. கூட ஒரு நர்ஸ் வந்தா நல்லது. மனைவியை வழியில ஏத்திக்கறோம்."

"நீங்க யார் பேசறது?"

"கம்பெனி."

"சரி மேடம். கட்டுப் போட்டு பத்து நிமிஷத்துல அனுப்பறேன்" என்றார்.

வேன் டிரைவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. "மேடம், டிரிப் ஷீட்ல தாம்பரம் வரைக்கும்தான் போட்டிருக்கு. டவுனுக்குப் போறதுன்னா ஏ.ஓ. சைன் வேணுமே."

"ஷீட்டில நான் எழுதிக்கறேன்."

"நீங்களா?"

"நான்தான். பல்லாவரத்துல சந்தை ஓரமா நிறுத்துங்க. அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள அந்தம்மா கிடைக்கலைன்னா காத்திருக்காதீங்க, போயிடுங்க."

சந்தைக்காக நிறுத்துவது சரியா என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அது வழியில் இருக்கிறது, ஆனால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு கையெழுத்து கேட்பார்கள், அங்கேயும் வரி ரசீதோடு ஒருவர் நிற்பார், அதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டேன். சரோஜாம்மாவிடம் சொன்னபோது, "அஞ்சு நிமிஷம் எதுக்கு? நான் ஒரு கொரல் குடுத்தா போதும்" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதனால் நம்பினேன்.

சந்தையில் நடந்ததை டிரைவர் பிறகு சொன்னார். வேன் நிற்பதற்குள் சரோஜாம்மா குதித்துவிட்டாராம். பழைய நாற்காலி மேசை வரிசையைத் தாண்டி, செடி விற்பவர்களை மிதிக்காத குறையாக ஓடியிருக்கிறார். மூன்றாவது நிமிடத்தில் ரஹமத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். விரித்திருந்த உறைகளைப் பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொண்டாள். வேனில் ஏறிய ரஹமத் கணவரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழ ஆரம்பித்தாராம். "அழுவாத. கையெழுத்து போடறப்ப கை நடுங்கும்" என்று சரோஜாம்மா அதட்டியிருக்கிறார்.

1.35க்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிரைவர் பேசினார். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

1.40க்கு நிர்வாக அதிகாரியின் சிவப்பு விளக்கு அணைந்தது. "என்னம்மா, லைட் எரிஞ்சுதே?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா? நல்லது, நல்லது" என்று நடுவிலேயே சொல்லிவிட்டு, ஒரு தாளை அனுப்புகிறேன், பிரதிகள் எடுக்க ஸ்டென்சில் வெட்டிவிடு என்றார். கதவைச் சாத்திக்கொண்டு அவர் அதைத்தான் எழுதியிருக்கிறார். புதிய டெலிபோன் வசதியின் பயனாக, விபத்துக்குள்ளான தொழிலாளியின் மனைவிக்குப் பதினோரு விநாடிகளில் தகவல் தரப்பட்டது என்று ஒரு சுற்றறிக்கை. நான் அதை வெட்டினேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதையும் திருத்தினேன்.

திங்கட்கிழமை டிரிப் ஷீட் அவர் மேசைக்குப் போனது. தாம்பரம் என்பதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. பகலுக்குள் மெமோ வந்தது: யாருடைய அனுமதியின் பேரில் வாகனம் நகரத்துக்கு அனுப்பப்பட்டது, இருபத்துநான்கு மணி நேரத்தில் விளக்கம் தேவை.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நேரத்தோடு ஏழு வரிகள். அவர் 27ஐ அழுத்தியது, எடுத்தவர் யார், நான் 21ஐக் கூப்பிட்டபோது திரையில் என்ன இருந்தது, எல்லாம் இருந்தது. ஏழாவது வரியில், அட்டையிலிருந்து பி.பி. என்ற எழுத்துகளை நீக்கியது நான், அடிக்குறிப்பு நறுக்கப்பட்டதைக் கண்டும் பேசாமல் இருந்தது நான் என்று எழுதினேன்.

அவர் தாளோடு கீழே வந்தார்.

"சர்க்குலர் எம்.டி. பார்வைக்குப் போயாச்சும்மா."

"தெரியும் சார். நான்தானே ஸ்டென்சில் வெட்டினேன்."

"நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கார்."

"சந்தோஷம் சார்."

"இதுக்குக் காப்பி இருக்கா?"

"டைரியில இருக்கு சார்."

மெமோ திரும்பப் பெறப்பட்டது. நிர்வாக அதிகாரியின் வாய்மொழி உத்தரவின் பேரில் வேன் அனுப்பப்பட்டது என்று கோப்பில் ஏறியது. அவர் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒரே நாளில் சுத்தமாக மறைந்துவிட்டன. அவர் கெட்டவர் இல்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய் ஜலால் பாயைப் பார்த்தார். அங்கே சரோஜாம்மாவை மனைவி என்று நினைத்து மறுபடியும் ஆறுதல் சொன்னதாக முனுசாமி அண்ணன் சொன்னார். அதற்கு ஆதாரம் இல்லாததால் நாட்குறிப்பில் சேர்க்கவில்லை.

நான் அட்டையை மறுபடி அடித்தேன். யார் எடுப்பார்கள் என்று நான்காவதாக ஒரு பத்தி. சரோஜாம்மா, வீட்டுச் சொந்தக்காரர், அடுப்பில் பால் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடவும் என்பது வரை அதில் இருந்தது. தாள் கோணலாகத்தான் வந்தது.

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். எண்ணைப் பார்க்காதே, எடுப்பவர் யார் என்று கேள். ஆனால் இரண்டு வாரம் கழித்து ரஹமத் விடுப்புக் கடிதம் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார். என் போர்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். தகவல் ஒழுங்காகக் கிடைக்காததற்கு மன்னிப்பு கேட்டேன்.

"அட போங்கக்கா. நான் அங்க இல்லாததே நல்லதாப் போச்சு" என்றார். "நான் இருந்திருந்தா டாக்டர் நீட்டின எடத்துல போட்டிருப்பேன். உசிரோட வூட்டுக்கு வந்தா போதும்னுதான் தோணியிருக்கும். சரோஜாக்காதான் பேனாவைக் கீழ வெச்சுது."

இதை நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். என் அட்டை சரியாக இருந்து, அதிகாரி சரியாகக் கேட்டிருந்தால், சரோஜாம்மா சந்தைக்கு ஆளனுப்பியிருப்பார். ரஹமத் நேராக நர்சிங் ஹோமுக்குப் போயிருப்பார். கையெழுத்துப் போட்டிருப்பார். சரியான தகவல் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு விரல்கள் போயிருக்கும். இதற்காக நீங்கள் தப்பாக டயல் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடுப்பவரைக் கேளுங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அது எப்போதும் உதவும் என்று மட்டும் எழுதித் தர முடியாது.

ஆட்காட்டி விரல் நன்றாகக் கூடியது. நடுவிரலின் நுனி மூட்டு மடங்கவில்லை. நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, கம்பெனி டாக்டரும் பாய்லர் சூப்பர்வைசரும் முன்னால் நிற்க, நீராவி வால்வை அவர் தனியாகத் திறந்து மூட வேண்டும் என்று வைத்தார்கள். முடிந்தால் பழைய வேலை. காலை பத்தரைக்கு நேரம் குறித்திருந்தார்கள். பாய்லர் அறைக்கு ஒருவரும் ஃபோன் செய்யக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்ததால் நான் காத்திருக்க மட்டும்தான் முடிந்தது. 10.50 வரை அந்த விளக்கு எரியவில்லை. பிறகு எரிந்தது.

"மேடம், ஜலால் பேசறேன். சுத்திட்டேன்."

"முழுசாவா பாய்?"

"முழுசா. தொறந்து, மூடி, மறுபடியும் தொறந்து. டாக்டர் போதும்யான்னுட்டாரு." அவருக்கு மூச்சு வாங்கியது. "வூட்டுக்குச் சொல்லணும் மேடம். போட்டுக் குடுங்க."

இருபத்தேழை அழுத்தினேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஹலோ சொல்லவில்லை. "இன்னா ஆச்சு?" என்று இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. யார் பேசுவது என்று அன்று நான் கேட்கவில்லை. இணைப்பைக் கொடுத்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.